மனைவிளக்கின் வரலாறு

திருக்குடமுழுக்கு மலர்க்குழுவினர் திருவிளக்குத் தொண்டினைப் பற்றி ஒரு கட்டுரை தருமாறு அடியேனைப் பணித்தனர். கோயில் விளக்கின் பெருமையை எழுதுதற்கு என்னினும் மிக்க அறிஞர் பலருளர். ஆதலின் அவ்விளக்குக்கு அடிநிலையாய் நின்ற இல்லத்து விளக்கினைப் பற்றிச் சில கூறத் துணிந்தேன். நம் முன்னோர் தத்தம் மனையில் எவ்விளக்கை ஏற்றினர், எந்த எண்ணெயை வார்த்தனர், ஒன்றை விட்டு மற்றொன்றை ஏன் கைக்கொண்டனர் என்பவற்றை அறிந்தாலன்றி, அவர்கள் கோயிலுக்கு ஈந்த ஒரு விளக்கின் அருமை நமக்குப் புலப்படாது. சுவரிலுள்ள பொத்தானை ஒரு விரலால் அழுத்தி ஒளி பெறும் நமக்கு ஓர் உழக்கு நெய்யின் மதிப்பு எங்ஙனம் தெரியும்?

சங்க நூல்களிலேயே மனைவிளக்கு இடம் பெற்றுவிட்டது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஒரு காட்சி உளது. மழைக்காலம், முகில் மூடியிருத்தலின் ஞாயிறு மறைந்த வேளை தெரியவில்லை. மகளிர் தட்டில் இட்டு வைத்த பிச்சியரும்புகள் இதழ் விரிந்து மணம் வீசுகின்றன. அம்மணத்தாலேயே மாலை வந்ததென உணர்ந்து, இரும்பாற் செய்த விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். இதில் அறிய வேண்டுவன இரண்டு. விளக்கேற்றுதல் அன்றே வழிபாடாக இருந்தது என்பது ஒன்று. அவ்வில்லத்து விளக்கு இரும்பால் இயன்றது என்பது மற்றொன்று. அதே பாட்டில் அரசியின் பள்ளியறையில் எரிவதோ, யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகல். ஆகவே, செல்வர் வீட்டுக்கு அயல்நாட்டு விளக்கு வந்து சேரும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் இளங்கோவடிகள் புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை வரிசைப்படுத்திக் காட்டுகின்றார். வண்ணமும் சாந்தும் விற்போர், பிட்டு விற்போர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர், தத்தம் மொழி வேறாகிய அயல்நாட்டினர், பண்டங்களைக் காவல் செய்வோர், திமிலில் மீன் பிடிக்கும் பரதவர் எனத் தொழிலுக்கு ஒரு விளக்காக அவர் எண்ணிச் செல்வதைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது. அப்பம் சுடுபவள் முன் எரிவது கரிபிடித்த மண்ணகல். கலங்களை அழைப்பது கலங்கரை விளக்கம். எவர்க்கு எவ்வளவு ஒளி வேண்டுமோ, எவ்வளவு பொருள் உண்டோ, அவ்வளவே அவரவர் விளக்கு.

இனி எண்ணெயைக் கருதுவோம். எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்பதாம். ஆயினும் எள்நெய் உண்ணும் பொருள். அதனை எரித்துவிட ஏழைக்கு மனம் வாராது. ஆமணக்கின் எண்ணெய்க்கு நம் மக்கள் இட்ட பெயரைப் பாருங்கள்: விளக்கெண்ணெய். மருந்துக்கும் பிறவற்றுக்கும் அது பயன்பட்டதேனும், பெயர் பெற்றது விளக்கால். மெல்லென எரிந்து நெடுநேரம் நிற்பது அதன் இயல்பு. புன்செய்ப் பகுதிகளில் வேலியோரத்து ஆமணக்கும், ஏரிக்கரைப் புங்கும், தோப்பு இலுப்பையும் அவ்வவ்வூர் விளக்கை எரித்தன. இலுப்பைக்குக் கோயிலோடு தனி உறவு உண்டு. மயிலாடுதுறைக்கு அணித்தாகிய திருப்பழமண்ணிப்படிக்கரை இன்று இலுப்பைப்பட்டு என்றே வழங்குகின்றது. அதன் தலமரமும் இலுப்பையே. அம்மரத்தின் பூ உணவாகும், வித்து எண்ணெயாகும், பிண்ணாக்கு தலைமுழுக்குக்கு ஆகும். கோயில்தோறும் இருந்த இலுப்பைத் தோப்புகள் பல வெட்டுண்டு வயலும் மனையும் ஆயினமை நம் காலத்துக் குறை. அதனை இங்கு விரித்தல் வேண்டா.

விளக்கை வைக்குமிடமும் வீட்டுக்கு வீடு வேறுபடும். சுவரில் குடைந்த மாடத்தில் அகல். கூடத்தின் நடுவே சங்கிலியில் தொங்கும் தூக்கு விளக்கு. எண்ணெய் குறையக் குறையத் தானே ஊறிக் கொடுக்கும் தூண்டாமணி விளக்கு. திருமணத்தில் பெண்ணுக்குச் சீராக வரும் குத்துவிளக்கு. இக்குத்துவிளக்கு வார்ப்பில் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் பெயர் பெற்றது. காவிரிப் படுகையின் மென்மணல் அச்சுக்கு ஏற்றதாதலின் கன்னார் அங்கே நிலைகொண்டனர். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என நான்கையும் தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகிப் பொருத்துவர். பெண் புகுந்த வீட்டில் வறுமை வந்துழி முதலில் அடகுக்குப் போவது நகை. இறுதியில் போவது விளக்கு. போகும்போதும் அதனைத் துணியில் மூடியே எடுத்துச் செல்வர்.

விளக்கை ‘அணை’ என்று நம் பெண்டிர் சொல்லார். மலையேற்று, குளிரவை, அமர்த்து என்பர். வாயால் ஊதுதலும் கூடாது. பூவாலோ பாலாலோ சுடரை ஒடுக்குவர். மின்விளக்கு வந்த பின்னும் என் பாட்டியார், “லைட்டை அமர்த்து” என்றே சொல்லி வந்தார்.

நிற்க. மனையிலிருந்து கோயிலுக்குச் செல்லுவோம். நமிநந்தியடிகள் ஏமப்பேறூரினர். திருவாரூர் அரநெறியில் வழிபட்டு நின்றவர்க்கு விளக்கேற்ற வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது, மாலையோ வந்துவிட்டது. ஊர் திரும்பி நெய் கொணர்தற்குள் இருளாகிவிடும் என்று கருதி, அருகிலிருந்த மனையில் புகுந்து கேட்டார். அம்மனையோர் அமணர், கையில் நெருப்பை உடையவர்க்கு விளக்கு எதற்கு, வேண்டுமாயின் நீரை வார்த்து எரிப்பீராக என்று இகழ்ந்தனர். அடிகள் குளத்து நீரை முகந்து வார்க்க, விடியுமளவும் விளக்கு எரிந்தது என்பது சேக்கிழார் பெருமான் வாக்கால் நாம் அறிந்தது. கலியநாயனார் செக்குத் தொழிலினர். திருவொற்றியூரில் விளக்கிட்டு வந்தவர் பொருளெல்லாம் தீர்ந்தபின் தம் குருதியையே எண்ணெயாக வார்க்க முற்பட்டார். கணம்புல்லர் புல்லை விற்று நெய் வாங்கினார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமயிரை மூட்டினார். பக்தியின் முதிர்ச்சியாக இவற்றை வியந்து படிக்கின்றோம், அது தகும். ஆனால் அன்றைய உலகில் எண்ணெய் எவ்வளவு அரிய பொருள் என்பதையும் இவ்வரலாறுகள் உடன் சொல்லுகின்றன. மூவர் வரலாற்றிலும் விளக்குக்கு இடையூறாய் வந்தது ஒன்றே: எண்ணெய் இன்மை.

சோழர் கல்வெட்டுக்களைப் பார்ப்போர்க்கு இது மேலும் தெளிவாகும். ஒரு நந்தாவிளக்கு, அதாவது இரவும் பகலும் அவியாத விளக்கு, எரிவதற்கு 96 ஆடுகள் விடப்பெற்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள், 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை பெற்ற இடையர், விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய், ஆடவல்லான் என்னும் அளவையால் அளக்கக் கடவர் என்று விதிக்கின்றன. நான்கு உழக்கு ஒரு நாழி. எனவே ஆண்டுக்கு 91 நாழியும் ஓர் உழக்கும் ஆம். இவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாதலும் மூத்தலும் இல்லாத ஆடு உலகில் உண்டோ எனின், இடையன் இறந்ததற்கும் கிழமானதற்கும் ஈடாகக் குட்டிகளால் எண்ணிக்கையை நிறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. முதல் அழியாது, பயன் மட்டும் கொள்வது. வங்கியில் வைப்புநிதி இட்டு வட்டியால் கட்டளை நடத்தும் இக்கால அன்பர்கள், தம் முன்னோர் ஆட்டு மந்தையில் இதனைச் செய்தனர் என்று அறிந்தால் மகிழ்வர்.

96 ஆடு விட இயலாதவர் 48 ஆடு விட்டு அரைவிளக்கு வைத்தனர். அதுவும் இயலாதவர் அந்திப்பொழுதில் மட்டும் எரியும் சந்தி விளக்கு வைத்தனர். அரசனும் அரசியும் மட்டுமல்லர். வணிகர், வேளாளர், படைவீரர், பணிப்பெண்டிர் முதலிய பலரும் கல்வெட்டில் விளக்கிட்டோராகக் காணப்பெறுகின்றனர். வேறொரு வகையும் உண்டு. வேட்டையில் எய்த அம்பு தவறி ஒருவன்மேல் பட்டு அவன் இறந்தானாயின், எய்தவன் பகைமையால் கொல்லவில்லை என்று ஊரவையும் நாட்டவையும் ஆராய்ந்து தெளிந்து, அவனைக் கொல்லாது, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கு எரிக்குமாறு விதித்த செய்திகள் பல கல்வெட்டுக்களில் உள்ளன. ஓர் உயிருக்கு ஈடு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். எனினும் ஒரு வீட்டில் விளக்கு அவிந்ததற்கு மற்றொரு விளக்கை அவியாமல் காக்கச் செய்தனர்.

நெருப்பும் அன்று எளிதன்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் பயின்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். அதன் பின்னரே தீப்பெட்டி நம் நாட்டுச் சிற்றூர்க்கெல்லாம் மலிவாகச் சென்றது. அதற்கு முன் அடுப்புத் தணலைச் சாம்பலில் மூடிக் காப்பர். அவிந்துவிடின் அடுத்த வீட்டுக்கு வறட்டியோடு செல்வர். விளக்கு வைத்தபின் நெருப்புக் கொடுத்தல் ஆகாது என்று கருதிய வீடுகளும் இருந்தன. ஆதலின் அந்திக்கு முன்னரே தணல் உண்டா என்று பார்த்துக்கொள்வது இல்லக்கிழத்தியின் முதற் கடன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் வந்தது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பெற்றது. பின்னர் நமக்கு அண்மையிலேயே பர்மாவிலிருந்து எண்ணெய் வரலாயிற்று. நான்கு காலன் தகரத்தில் வந்த எண்ணெய் தீர்ந்ததும், அத்தகரம் தண்ணீர் இறைக்கவும் அரிசி கொட்டவும் ஆயிற்று. ஆமணக்கையும் இலுப்பையையும் செக்கில் ஆட்டியவர் பிழைப்புக் குன்றியது. விலை மலிவு, ஒளி மிகுதி, கண்ணாடிச் சிம்னியால் காற்றுக்கும் அஞ்சவேண்டா. மக்கள் அதனைத் தேர்ந்ததில் தவறொன்றும் இல்லை. அரிக்கேன் விளக்கை ஏந்தி வயலுக்கும் வண்டிக்கும் சென்றனர். ஆயினும் பூசை மாடத்தில் மட்டும் அதனை ஏற்றவில்லை. வாடை ஆகாது என்பது அவர்கள் கூறிய காரணம். ஒரே வீட்டில் திண்ணைக்கு ஒரு விளக்கு, அடுக்களைக்கு ஒரு விளக்கு, இறைவன் திருமுன் ஒரு விளக்கு என மூவகையும் எரிந்தன. 1942இல் இரங்கூன் வீழ்ந்து பர்மா எண்ணெய் நின்றுபோக, நாடெங்கும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு உண்டாயிற்று. மறந்துபோன ஆமணக்கெண்ணெயைப் பலர் மீண்டும் தேடினர் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

சிம்னி வாங்க இயலாதவர் மருந்துப்புட்டியின் மூடியில் துளையிட்டுத் துணித்திரி செருகி எரித்தனர். எங்கள் வீட்டிலும் அடுக்களையில் அத்தகைய புட்டி விளக்கே இருந்தது. 1958ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது நிகழ்கையில், என் தமக்கையார் அதனை எட்டி எடுக்கும்போது அது கவிழ்ந்து இடக்கை முழங்கை வரை வெந்துவிட்டது. புண் ஆறினும் விரல்கள் இரண்டு நிமிரவில்லை. அக்கையாலேயே அவர் பின்னர் நாற்பது ஆண்டு சுவாமிக்குப் பூத் தொடுத்தார். பழைய காலத்து விளக்கின் அழகைப் புகழ்ந்து யாரேனும் மேடையில் பேசுங்கால், எனக்கு அவ்விரல்களே நினைவில் வரும். பழமையெல்லாம் நலமே என்று நான் எழுதத் தயங்குவது இதனால்தான்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றி ஒரு செய்தி சுவையுடையது. செருமனியிலிருந்து வந்த அவ்விளக்கில் ஒளிர்வது சுடரன்று. சுடரால் வெதும்பிய வலைத்துணி. அவ்வலைக்குத் தோரியம் என்னும் பொருள் வேண்டும். திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அப்பொருள் இருப்பதை ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார் 1909இல் கண்டார். உடனே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் தொழில் தொடங்கியது. நாம் சீமை விளக்கென்று வியந்து, திருமண ஊர்வலத்தில் தலையில் சுமக்கச் செய்த அவ்வொளியின் மூலப்பொருள் நம் கடற்கரை மணல். திருவிழாவில் எண்ணெய் வார்த்துப் பிடித்த தீவட்டியின் இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

மின்சாரம் சென்னை நகருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்ததாயினும், 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் நீர்மின்சாரம் தரத் தொடங்கிய பின்னரே நாட்டுப்புறம் நோக்கி அது நடந்தது. எங்கள் ஊருக்கு வந்தபோது நான் மடத்தில் தமிழ் பயின்றுகொண்டிருந்தேன். மடத்தில் மாணவர் மூவர்க்கு ஒரு விளக்கு. எண்ணெய் அளந்தே தருவர். தீர்ந்தால் பாடம் தீர்ந்தது. ஆதலின் திருமுறையை வெளிச்சத்தில் படிப்பதும் இருளில் ஒப்பிப்பதும் எங்கள் வழக்கம். விடுமுறைக்கு வீடு சென்றால், கூடத்து உத்தரத்தில் ஒரு குண்டு பல்பு. மாடத்தின் புகைக்கரி முதன்முதல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த வாரமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர்.

குண்டு பல்பு உண்ட மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெப்பமாகவே போயிற்று. பின்னர்க் குழல்விளக்கு, அதன் பின்னர்ச் சுருள்வடிவச் சிறு குழல்விளக்கு, இன்று எல்.இ.டி. நீலஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்ட சப்பானிய அறிஞர் மூவர்க்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்விளக்கை மலிவாக வழங்கும் உஜாலா திட்டம் 2015 சனவரியில் நம் நாட்டில் தொடங்கிற்று. 60 வாட் பல்பின் ஒளியை 9 வாட் அளவில் தருவது நன்றே. பூசையறையில் இரவெல்லாம் எரிந்த சீரோ வாட் பல்பு என்பது பெயரளவில்தான் சுழி. உண்மையில் 15 வாட் அளவு உண்டு வந்தது.

நன்கொடையாளர்க்கு ஒன்று சொல்ல விரும்புகின்றேன். எல்.இ.டி. பெட்டியின்மேல் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்பது பால்வெண்மை; 2700 அல்லது 3000 என்பது அகலின் நிறத்துக்கு அணியது. நம் வீடுகளில் வெண்மையையே வெளிச்சம் என்று எண்ணி வாங்குகின்றோம். படிக்கவும் சமைக்கவும் அது சரியே. என் பேரன் பூசையறையிலும் அதனையே மாட்டினான். அன்று மாலை சந்தனக்காப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறித் தோன்றியது. மறுநாள் மாற்றினோம். மண்டபத்துக்கும் திருச்சுற்றுக்கும் மின்விளக்கு உபயம் செய்வோர் இவ்வெண்ணைப் பார்த்து வாங்குவாராக. தம் பெயரைக் குழலின்மீதே பெரிதாக எழுதி ஒளியைப் பாதி மறைக்கும் வழக்கத்தையும் இக்குடமுழுக்கோடு விட்டுவிடலாம்.

கருவறையில் மின்விளக்கு ஆகுமோ என்று சிலர் கேட்டனர். தீபம் இறைவனுக்குச் செய்யும் பதினாறு உபசாரங்களுள் ஒன்று. நெய்யோ எண்ணெயோ அவன்பொருட்டுத் தேய்ந்து தீர்வதே அங்கு நிவேதனம். ஆதலின் ஆகாது என்பதே அடியேன் துணிபு. பொய்ச்சுடர் நடுங்கும் பிளாஸ்டிக் அகலும் அவ்வாறே. ஆயின் மறுபுறமும் உண்டு. தூண்தோறும் சிலைதோறும் அகல் ஏற்றி எண்ணெய்ப்பிசுக்கும் கரியும் படியவைத்து, பின்னர் அதனைப் போக்க மணலை வீசிச் சுரண்டியதால் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்த கோயில்கள் சில. நூறு அகலுக்கு ஆகும் எண்ணெயை ஒரு நந்தாவிளக்குக்கு ஆண்டு முழுதும் தருக. நம் கோயிலில் அத்தகைய கட்டளை இப்போது ஒன்றும் இல்லை. பழையது எப்போது நின்றது என்பதை ஒருவரும் அறியார். கோபுரத்துக்கும் கொடிமரத்துக்கும் பொருள் தருவோர் உளர்; நாள்தோறும் தேய்ந்து மறையும் எண்ணெய்க்குக் கல்லில் பெயர் வெட்ட இயலாதாகலின் ஒருவரும் முன்வரவில்லை போலும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்தது. ஊருக்கு ஓர் அழகு கூறும் பழமொழி வேதாரணியத்துக்கு விளக்கழகையே கூறும். அங்கேதான் திரியைத் தூண்டிய எலி மாவலியாய்ப் பிறந்தது என்பர். டெல்டா முழுதும் மின்கம்பங்கள் இலக்கத்துக்கு மேல் சாய்ந்தன. எங்கள் ஊரும் பல நாள் இருளில் கிடந்தது. ஏழாம் நாள் திருக்கார்த்திகை. கடைகளில் எண்ணெய் இல்லை. வீட்டிலிருந்தது முன்னிரவே தீர்ந்தது. நான் வெறும் அகல்களைத் திண்ணையில் வரிசையாய் வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். எதிர்வீட்டு இசுலாமிய அம்மையார் ஒரு தம்ளரில் நல்லெண்ணெய் கொண்டுவந்து, “ஐயா, இன்னிக்கு உங்களுக்கு விளக்கு வைக்கிற நாளாச்சே; சமையலுக்கு வச்சிருந்தது, இது போதுமா?” என்றார். நமிநந்தியடிகள் கேட்டுப் பெறாததனை நான் கேளாமலே பெற்றேன். நான்கு அகலுக்கு அவ்வெண்ணெய் போதியதாயிருந்தது. ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

திருச்சிற்றம்பலம்